ஒக்கி இரவில் ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை என்று கேட்ட வல்லவிளைத் தம்பிக்கு

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன, தம்பி. வெளியே தெரிவது முதலாவது: மோசமான வானிலையில் நடுக்கடலில் நின்ற ஒரு கப்பலிலிருந்து, மாரடைப்பு வந்த மாலுமியை ஹெலிகாப்டர் விமானி தூக்கிக் கரைசேர்த்தார் என்று செய்தியில் பார்த்தீர்கள், அது எப்படி முடிகிறது என்பது. அதன் அடியில் கிடப்பது இரண்டாவது: அங்கே முடிந்தது 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது உங்கள் சித்தப்பா போன படகுக்கு ஏன் முடியவில்லை, விமானிகளுக்குத் துணிச்சல் இல்லையா என்பது. கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டது மூன்றாவது: ஒருமுறை நெஞ்சுவலி வந்த உங்கள் அண்ணன் கொச்சியிலிருந்து மறுபடியும் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறார், படகில் என்ன வைத்திருக்க வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் அந்த மூன்றாவதுதான் முக்கியமானது. ஆனால் மற்ற இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

நான் குமரி மாவட்டக் கரையின் நீரோடிக்காரன். கடற்படை ஹெலிகாப்டரில் விஞ்ச் இயக்கியவன். திறந்த கதவோரம் வாரில் தொங்கிக்கொண்டு கம்பியை இறக்கி ஏற்றுகிறவன் என்று சொன்னால் புரியும். விமானி அல்ல, மருத்துவனும் அல்ல. முதலுதவிப் பயிற்சி மட்டும் உண்டு. ஒக்கிக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த டிசம்பரில் தூத்தூரிலிருந்தும் சின்னத்துறையிலிருந்தும் திரண்டு போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஹெலிகாப்டர் எங்கே, கப்பல் எங்கே என்று என்னைச் சுற்றிக் கேட்டார்கள். பதிலில் பாதி எனக்குத் தெரியும். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் காற்று. புயலில் ஹெலிகாப்டருக்குப் பெரிய பகை காற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. அசையாத காற்றில் ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்பதுதான் எஞ்சினுக்கு மிகவும் கடினமான வேலை. விசிறி தான் கீழே தள்ளிய காற்றையே திரும்பவும் அள்ள வேண்டியிருக்கும். எதிர்க்காற்று நிலையாக 25, 30 நாட் (மணிக்குச் சுமார் 45, 55 கிலோமீட்டர்) வீசினால், தரையைப் பார்த்தால் நிற்பது போலிருக்கும், காற்றைப் பொறுத்தவரை பறந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும்போது மூன்று பேரைத் தூக்குவதைவிட, கச்சான் என்கிற மேலைக்காற்றில் தூக்குவது எஞ்சினுக்குச் சுலபம். தொல்லை காற்றோடு சேர்ந்து வருகிறவற்றில்தான். திடீரென்று ஏறி இறங்கும் வீச்சு, தாழ்ந்த மேகம், எதிரே எதுவும் தெரியாத மழை, அலைமுனையிலிருந்து கிளம்பிக் கண்ணாடியில் படியும் உப்புச் சாரல். இவற்றுக்கெல்லாம் மேலே, கீழே ஆடிக்கொண்டிருக்கும் அந்தத் தளம்.

தூக்குவது எப்படி என்று யாரும் சரியாகச் சொல்வதில்லை. விமானி முன்னே வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். கதவும் விஞ்சும் அவருக்குப் பின்னால் அதே வலப்பக்கம். கப்பலை நோக்கி மெல்ல வரும்போது அவருக்கு எல்லாம் தெரியும். நேர் மேலே வந்த நொடியில் தூக்க வேண்டிய இடம் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு அவருடைய கண் நான்தான். காதுக்குழாயில் "ஃபார்வர்ட் டென்... எய்ட்... ஃபைவ்... ரைட் டூ... ஸ்டெடி" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் நான் மூன்று நொடி மௌனமானால் அவர் குருடர். அவரும் அலையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தானாக அலையோடு ஏறி இறங்கும். அசையாத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய கப்பலானால் மேல்தட்டு அறையின் மூலையோ, ஒரு தூணோ போதும். படகில் என்ன இருக்கிறது பிடித்துக்கொள்ள? அறுபது அடி நீளம், அதுவும் குதித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே தொடங்கிவிடுகிறது. செய்தியில் வந்தது கப்பல். உங்கள் சித்தப்பா போனது படகு. கப்பலில் கேப்டன் தன் இடத்தைத் துல்லியமாகச் சொல்வார், சொன்னபடி திருப்பிக் காற்றை இடப்பக்க அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனைக்கு இடப்புறம், 30 டிகிரியில் வைத்துக்கொள்வார், தளத்தில் பறக்கக்கூடியதை எல்லாம் அகற்றிவிடுவார், நோயாளியை ஸ்ட்ரெச்சரில் கட்டித் தயாராக வைத்திருப்பார். 2025 ஜூனில் கேரளக் கரைக்கு அப்பால் வான் ஹாய் 503 என்ற சரக்குக் கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது, பருவமழைக் கடலில் கொச்சிக் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர் போய் மீட்புக் குழுவினரை அதன்மேல் இறக்கியது நினைவிருக்கலாம். கப்பல் எரிந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நம் படகில் நடுவே மரம், அதிலிருந்து நாலாபுறமும் கயிறு, ஆண்டெனா, கம்பம், கூரைமேல் தார்ப்பாய், தெர்மோகோல் பெட்டி, வலை. விசிறிக் காற்று அதில் ஒன்றைக் கிளப்பி மேலே அனுப்பினால் போதும், எல்லோரும் கடலில். தளம் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும்போது கம்பி ஒரு நொடி தொய்யும், அடுத்த நொடி வெடுக்கென்று இழுக்கும். தொய்ந்த கம்பி எதிலாவது சுற்றிக்கொண்டால் ஹெலிகாப்டர் படகோடு கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்கென்றே கம்பியை அறுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பியில் அப்போது ஆள் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் ஒருமுறைதான் பேசினோம். ஆகவே சிறிய படகிலிருந்து நேரே தூக்குவதைத் தவிர்ப்பார்கள். திடமாக இருப்பவரானால் லைஃப் ஜாக்கெட்டோடு ரப்பர் மிதவையில் ஏற்றி, படகின் பின்முனையான கடையாலிலிருந்து நீண்ட கயிற்றில் பின்னே விட்டு, அங்கிருந்து டைவர் இறங்கித் தூக்குவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரைத் தண்ணீரில் விட முடியாது. அவருக்குக் கடலோரக் காவல்படைக் கப்பலோ பெரிய வணிகக் கப்பலோ முதலில் வந்து, ரப்பர் படகில் மாற்றி, அந்தத் தளத்திலிருந்து தூக்குவதுதான் பல நேரம் நடக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது தாமதம்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். ஆடி மாதம், கொச்சிக்கு மேற்கே ஒரு வணிகக் கப்பல். எஞ்சின் அறைப் படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்த மாலுமி. உள்ளே ரத்தம் கசிகிறது என்று கப்பலில் சந்தேகம். முதல் தடவை நேரே இறக்கினோம், டைவர் ஊசல் போல ஆடிக் கம்பிவேலியில் இடிக்கப் போனார். விமானி எதுவும் பேசாமல் விலகிவிட்டார். இரண்டாம் தடவை மழை மறைத்தது, விலகினார். மூன்றாம் தடவை முதலில் ஒரு மெல்லிய கயிற்றை எடை கட்டி இறக்கினோம். கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக் கையால் இழுத்து டைவரைத் தளத்துக்கு வழிகாட்டினார்கள். ஹெலிகாப்டர் கப்பலுக்கு நேர் மேலே நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகியே நின்றது, விமானிக்கும் தளம் தெரிந்துகொண்டே இருந்தது. அந்தக் கயிற்றைக் கையில் பிடிக்கலாம். எங்கும் கட்டக் கூடாது. மற்றொன்று: கம்பியின் கொக்கி முதலில் தண்ணீரையோ இரும்புத் தளத்தையோ தொட வேண்டும், அதற்கு முன் யாரும் கை வைக்கக் கூடாது. சுழலும் விசிறியில் நிலைமின்சாரம் சேர்ந்து நிற்கும், ஆளைத் தூக்கி எறிகிற அளவு அடிக்கும். அன்று ஆளைக் கொண்டுவந்துவிட்டோம். எல்லோரும் தூக்கியதைப் பாராட்டினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த இரண்டு விலகல்கள்தான்.

இரவு வேறு உலகம். நிலவில்லாத இரவில் மழைமேகத்தின் கீழே கடலும் வானமும் ஒரே கருப்பு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். நேராக இருக்கிறோம் என்று உடம்பு சொல்லும், கருவி சரிகிறாய் என்று காட்டும். உடம்பை நம்பியவர்கள் திரும்பவில்லை. சேடக் போன்ற பழைய சிறிய ஹெலிகாப்டருக்குக் கடல்மேல் இரவில் அந்தரத்தில் நிறுத்தும் தானியங்கி கிடையாது, ஒரே எஞ்சின் வேறு. நீர்மூழ்கி வேட்டைக்கென்று வந்த சீ கிங்குக்கு அது உண்டு. சோனார் கருவியைக் கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, இரவானாலும் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, உயரத்தையும் நகர்வையும் தானே பிடித்துக்கொள்ளும் கருவி வைத்தார்கள். போருக்காகச் செய்த ஏற்பாடு உயிர்காக்கக் கை கொடுத்தது. இன்றைய துருவ் ரகங்களிலும் அப்படிப்பட்ட வசதி இருக்கிறது. ஆனாலும் கடைசிச் சில மீட்டர்கள் மனிதக் கையில்தான்.

இந்த வேலையின் வரலாறே மருத்துவத்தில்தான் தொடங்குகிறது. 1944 ஜனவரி 3 அன்று நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே டர்னர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது. பனிப்புயலில் மற்ற விமானங்கள் கிளம்பவில்லை. ஃபிராங்க் எரிக்சன் என்ற கடலோரக் காவல்படை விமானி, ரத்தப் பிளாஸ்மா பெட்டிகளை ஹெலிகாப்டரின் மிதவையில் கட்டிக்கொண்டு சுமார் கால் மணி நேரத்தில் காயம்பட்டவர்கள் இருந்த சாண்டி ஹூக்கில் சேர்த்தார். கம்பியில் ஆளைத் தூக்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1945 நவம்பர் 29. கனெக்டிகட் கரையோரம் புயலில் தரைதட்டிய எண்ணெய்ப் பார்ஜிலிருந்து இரண்டு பேர். ஒக்கி நம் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்ததும் ஒரு நவம்பர் 29 இரவுதான். இதில் பொருள் ஒன்றும் இல்லை. தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அவ்வளவே.

இனி எரிபொருள். துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். படகு 150 நாட்டிக்கல் மைல் தொலைவில், ஹெலிகாப்டர் வேகம் 120 நாட். காற்றில்லாத நாளில் போக 75 நிமிடம், வர 75 நிமிடம், மொத்தம் இரண்டரை மணி. போகும்போது எதிர்க்காற்று 40 நாட் என்றால் தரைவேகம் 80. போக மட்டும் 112 நிமிடம். திரும்பும்போது காற்று தள்ளும், வேகம் 160, ஆகவே 56 நிமிடம். மொத்தம் 168. போகும்போது பிடுங்கியதைத் திரும்பும்போது காற்று முழுசாகக் கொடுப்பதில்லை. இதற்கு மேல் தேடுவதற்கு நேரம், தூக்குவதற்கு நேரம், கரையில் மழை மூடியிருந்தால் வேறொரு தளத்துக்குப் போக மிச்சம். இவை எல்லாம் சேர்ந்தால் 150 மைலே பல ஹெலிகாப்டர்களுக்கு விளிம்பு. தூத்தூர்ப் படகுகள் எங்கே போகின்றன? லட்சத்தீவுக்கு அப்பால், சில ஓமன் பக்கம் வரை. அங்கே கரையிலிருந்து எந்த ஹெலிகாப்டரும் எட்டாது. போர்க்கப்பல் சுமந்துகொண்டு போனால்தான் உண்டு.

நாங்கள் திரும்பி வந்த கதையையும் சொல்ல வேண்டும். மீன்பிடிப் படகு ஒன்றில் விஞ்சில் கை சிக்கிய ஒருவர். வயர்லெஸ்ஸில் படகிலிருந்து படகுக்கு, அங்கிருந்து கரைக்கு, கரையிலிருந்து எங்களுக்கு என்று இடம் வந்து சேர்ந்தது. போனோம், படகு இல்லை. சதுரம் சதுரமாகத் தேடினோம். இல்லை. எரிபொருள் எல்லைக்கு வந்ததும் விமானி சொன்னார், திரும்புகிறோம் என்று. இன்னும் ஐந்து நிமிடம் சார் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூக்கு கிழக்கே திரும்பியது. நாலு நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவர், சொன்னது 8.50, அதாவது எட்டரை டிகிரி, 8 டிகிரி 30 மினிட். வழியில் யாரோ அதை 8 டிகிரி 50 மினிட் என்று எழுதிக்கொண்டார்கள். இருபது நாட்டிக்கல் மைல் வடக்கே தேடிக்கொண்டிருந்தோம். அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தாலும் அவரைக் கண்டிருக்க மாட்டோம், நாங்களும் கரை சேர்ந்திருக்க மாட்டோம். மறுநாள் இன்னொரு படகு அவரைக் கொண்டுவந்தது. கை போய்விட்டது, ஆள் இருக்கிறார்.

துணிச்சல் இல்லையா என்று கேட்டீர்களே. 2024 செப்டம்பர் 2 இரவு, குஜராத்தின் போர்பந்தரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் நின்ற ஹரி லீலா என்ற டேங்கர் கப்பலில் காயம்பட்ட ஒரு மாலுமியைத் தூக்கப் போன கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. உள்ளே நான்கு பேர். ஒருவர் காப்பாற்றப்பட்டார், மூன்று பேர் இறந்தார்கள். நீங்கள் செய்தியில் பார்த்த அதே வகை வேலை. ஒரு மாலுமிக்காக நான்கு பேர் இருட்டில் கிளம்பினார்கள். அடுத்த ஜனவரியில் போர்பந்தரிலேயே இன்னொரு துருவ் விழுந்து மூவர் இறந்த பிறகு, அந்த ரக ஹெலிகாப்டர்களையே சில மாதம் தரையில் நிறுத்தி வைத்தார்கள். அந்த நாட்களில் நம் கடலில் யாருக்காவது நெஞ்சுவலி வந்திருந்தால், விமானி எவ்வளவு வீரனாக இருந்தாலும் அனுப்ப இயந்திரம் குறைவு. பறப்பவரின் துணிச்சலுக்கு முன்னால் இப்படிப் பல கதவுகள் இருக்கின்றன.

ஒக்கிக்கு வருகிறேன். இதில் உறுதியானதையும் என் கருத்தையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. டிசம்பர் 2 வாக்கில் லட்சத்தீவு கடலில் மணிக்கு 155 கிலோமீட்டர் அளவுக்கு வலுத்தது, 5-ஆம் தேதி குஜராத் கரையருகே தேய்ந்தது. அதாவது நம் படகுகள் தொழில் செய்யும் கடல் வழியாகவே அது போனது. அவர்கள் பல நாள் முன்பே கரையை விட்டவர்கள். கையில் இருந்தது வி.ஹெச்.எஃப். வயர்லெஸ், அது நேர்கோட்டில்தான் போகும், படகுக்குப் படகு 20 மைல் தாண்டினால் சந்தேகம். கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் கூப்பிட்டது கரைக்குக் கேட்கவில்லை. கப்பற்படை, காவல்படை, விமானப்படை என்று எல்லோரும் தேடினார்கள், பலரை உயிரோடு கொண்டுவந்தார்கள் என்பதும் உறுதி. ஆனால் ஹெலிகாப்டர் தேடுவதற்கான கருவி அல்ல. டோர்னியர் போன்ற விமானம் கண்டுபிடித்துச் சொன்னால் போய் எடுப்பதற்கான கருவி. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து பத்து மைலுக்குள் படகு இருக்கும் என்றால் தேட வேண்டிய பரப்பு சுமார் 314 சதுர மைல். ஒரு நாள் அலைந்து முப்பது மைல் ஆகிவிட்டால் பரப்பு மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. உங்கள் சித்தப்பா படகுக்கு அந்தக் கடைசியாகத் தெரிந்த இடமே இல்லை.

இனி என் கருத்து. இன்னும் சீக்கிரம், இன்னும் மேற்கே தள்ளித் தேடியிருந்தால், எங்கே தேடுவது என்று நம் ஸ்ராங்குகளையே கூட உட்கார வைத்துக் கேட்டிருந்தால், இன்னும் சிலர் கிடைத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். எத்தனை பேர் என்று எண் சொல்பவரை நம்பாதீர்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அந்தக் கோபம் ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருந்தவன்மேல் விழுவது சரியில்லை. அவனுக்கு எங்கே போக வேண்டும் என்றே யாராலும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் விஷயம். நெஞ்சுவலி வந்தவர் தங்கலுக்குப் போகலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகக் கூடாது என்று அவர் சொன்னால் நான் என்ன எழுதினாலும் பயனில்லை. போகலாம் என்றால், அவர் எழுதித் தரும் மாத்திரைகளைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஸ்ராங்குக்கும் இடம் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மென்று விழுங்குவது மாரடைப்பில் உலகம் முழுக்கச் சொல்லும் முதலுதவி, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். கடைசி ஈசிஜி தாளின் நகல் ஒன்று படகில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நம் ஆட்களின் பழக்கம் அதுதான். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். மாலை நாலு மணிக்குச் சொன்னால் பகலிலேயே ஹெலிகாப்டர் வரலாம், நள்ளிரவில் சொன்னால் அதே வேலை பத்து மடங்கு கடினம்.

உதவிக்குக் கூப்பிட வயர்லெஸ்ஸில் சானல் 16. கரைக்கு அருகே போன் எடுத்தால் 1554, கடலோரக் காவல்படை. என்ன கேட்பார்கள் என்றால், இடம், வயது, எப்போதிலிருந்து, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, ரத்தம் போகிறதா, என்ன மருந்து கொடுத்தீர்கள். இடத்தைச் சொல்லும்போது டிகிரி எது, மினிட் எது, புள்ளி எங்கே என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, எதிரே இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். மேலே நான் எழுதிய 8.50-ஐ மறக்காதீர்கள். பேச்சு மலையாளம் பாதி தமிழ் பாதி ஆனாலும் பரவாயில்லை, எண்ணை மட்டும் இங்கிலீஷில் சொல்லட்டும். கேரளப் படகு இடையில் செய்தி கடத்தினாலும் எட்டும் ஏழும் குழம்பாது.

மற்ற விபத்துகளுக்கும் இரண்டு வார்த்தை, கேட்காவிட்டாலும். விரல் துண்டானால் நம் ஆட்கள் அதை மீன் ஐஸுக்குள் புதைக்கிறார்கள். ஐஸ் நேரே பட்டால் சதை செத்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைக்க வேண்டும். மீன் அறைக்குள் இறங்கியவன் மயங்கி விழுந்தால் அடுத்தவன் பின்னாலேயே குதிக்கக் கூடாது. அழுகிய மீனின் வாயு இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளும். நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தவரைத் தூக்கும்போது முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் கால்களிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளி வைத்திருக்கும். திடீரென்று நிமிர்த்தினால் அது இறங்கி, உயிரோடு கிடைத்தவர் கையிலேயே சாய்வார். எங்கள் டைவர்கள் கையிடுக்கில் ஒரு பட்டை, முழங்காலடியில் ஒரு பட்டை என்று இரண்டு போட்டுத் தூக்குவது இதற்காகத்தான். அவசரம் எவ்வளவு என்றாலும், தூக்கலாமா என்று பார்த்துவிட்டுத் தூக்குவதுதான் முறை. 2018 ஆகஸ்ட் 17 அன்று ஆலுவா வெள்ளத்தில், பனிக்குடம் உடைந்த கர்ப்பிணியைக் கமாண்டர் விஜய் வர்மா ஓட்டிய கடற்படை ஹெலிகாப்டர் தூக்கியதே, முதலில் ஒரு டாக்டரைத்தான் கம்பியில் இறக்கினார்கள். அவர் சரி என்ற பிறகுதான் அந்தப் பெண்ணைத் தூக்கினார்கள். கொச்சிக் கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. ஹெலிகாப்டருக்குள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அந்த இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் கேட்காது. நாடியைத் தொட்டும் முகத்தைப் பார்த்தும் தான் தெரிந்துகொள்வோம். படகில் பத்து மணி நேரப் பயணத்தை ஒரு மணி நேரமாக்குவதுதான் நாங்கள் செய்யும் வைத்தியம்.

ஹெலிகாப்டர் வருகிறது என்று தெரிந்தால்: தார்ப்பாய், பெட்டி, வலை எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். டார்ச்சை மேலே அடிக்காதீர்கள், இரவில் விமானியின் கண் கூசினால் முடிந்தது. விளக்கைத் தளத்தை நோக்கி வைத்தால் போதும். தலைக்கு மேல் வந்த பிறகு ராக்கெட் சிக்னல் விடவே கூடாது. எஞ்சினை நிறுத்திவிடாமல் மெல்ல ஓட்டிச் சுக்கான் பிடித்து நேராக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக ஒன்று. செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் டாட் என்ற சிறிய கருவி அண்ணன் படகில் இருக்கலாம். அமுக்கினால் படகின் இடத்தோடு செய்தி காவல்படைக்குப் போகும். புதிய வகையில் செய்தி கிடைத்தது என்று பதிலும் வரும். 2017-ல் நம் ஆட்களுக்கு இல்லாமல் போனது இதுதான், அந்தக் கடைசியாகத் தெரிந்த இடம். பல படகுகளில் அதை ஸ்ராங்கு அறையின் அடியில், பழைய கயிற்றுக்குக் கீழே நானே பார்த்திருக்கிறேன். அதன் பக்கவாட்டில் பேட்டரி எந்த மாதம் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அண்ணன் அடுத்து கரைக்கு வரும்போது தோப்பும்படியில் படகு கட்டியதும் முதலில் அந்தத் தேதியைப் பார்த்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதை இங்கே எனக்கும் எழுதுங்கள்.